வெயிலில் கிடக்கும் நீர்க்குழாயும் அதனுள் கலந்த உலோகப் பொடியும்

ராமகிருஷ்ணராஜுப்பேட்டை என்னும் முழுப்பெயர் சுருங்கி ஆர்.கே.பேட்டை என வழங்கும் ஊரும் அதைச் சூழ்ந்த கிராமங்களும், 1960-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 1-ம் தேதி சித்தூர் ஜில்லாவினின்று பிரிக்கப்பட்டுச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்கப்பட்ட பிரதேசத்தில் அடங்கியவை. இன்று திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்துள்ள இவ்வட்டாரத்தில் நெசவும் பயிர்த்தொழிலும் பக்கம் பக்கமாக நடந்து வருகின்றன. நெல், வேர்க்கடலை, கரும்பு, மா முதலியன இங்கு முக்கியமான வெள்ளாமை. ஏரிப்பாசனம் உள்ள இடங்களிலும் கோடை தொடங்கிவிட்டால் கிணற்றையும் ஆழ்துளைக் கிணற்றையும் அன்றி வேறு கதியில்லை. கவலை ஏற்றம் இருந்த காலத்தில் மண் வாய்க்கால் வழியே ஓடிப் பாதி வழியிலேயே பூமியில் சுவறிய நீரை, இப்போது சாம்பல் நிறமுள்ள பி.வி.சி. குழாய்கள் சேதமின்றிக் கழனிக்குக் கொண்டு சேர்க்கின்றன.

இக்குழாய்களைப் பற்றி விவசாயிகள் கூறும் முறையீடு எங்கும் ஒரே மாதிரியாகவே இருக்கிறது. ஒருவர் வாங்கிய குழாய் பதினைந்து வருஷமாகியும் கெடாமல் இருக்க, அடுத்த நிலத்துக்காரர் வாங்கியது மூன்றாவது கோடையிலேயே மாடு மிதித்தவுடன் பானை ஓடு போல் நொறுங்கிவிடுகிறது. நிறத்தில் இரண்டும் சாம்பல். நீளத்தில் இரண்டும் இருபது அடி. கடலைக்கு ஊசி இறங்கும் தருணத்திலோ, கரும்பு தூர் கட்டும் பருவத்திலோ குழாய் வெடித்தால், குழாயின் கிரயம் மாத்திரமன்று, அந்தத் தண்ணீர் முறையும் நஷ்டம். இந்த வித்தியாசத்துக்குக் காரணமான பல விஷயங்களில் முக்கியமான ஒன்று, குழாய் வார்க்கும்போது அதனுள் கலக்கப்படும் ஒரு வெண்ணிற உலோகப் பொடியும், அது கலக்கப்பட்ட விதமுமாகும். அதைச் சற்று விரிவாகவே இங்குக் கூற எண்ணுகிறோம்.

உலோகப் பொடியை வேறொரு வஸ்துவில் கலந்து அதன் குணத்தை உயர்த்துவது நம்மவர்க்குப் புதிதன்று. வீட்டுத் தரைக்குச் சிமெண்டோடு சேர்த்துத் தேய்க்கும் செந்நிறப் பொடி இரும்பு ஆக்ஸைடேயாகும். இரும்புக் கதவுக்கும் கலப்பைக்கும் முதற்பூச்சாகப் பூசும் 'ரெட் ஆக்ஸைடு' என்பதும் அதுவே. ஆக்ஸைடு என்பது உலோகம் பிராணவாயுவோடு கூடிய பொருள். சாமானிய பாஷையில் துரு எனலாம். ஏற்கெனவே துருவாகிப்போனது மறுபடியும் துருப்பிடிப்பதில்லை. தீயில் எரிவதுமில்லை, மழையில் கரைவதுமில்லை, வெயிலில் வெளுப்பதுமில்லை. ஆகவேதான் சாயவேர்களும் இலைச்சாறுகளும் வெளுத்துவிடும் இடங்களில் உலோக ஆக்ஸைடுகள் நிலைத்து நிற்கின்றன.

வண்டிச் சக்கரத்திலும் இத்தகைய பொடி உண்டு. கட்டை வண்டி போய் டயர் வண்டி வந்த பின் மாடுகளுக்குப் பாரம் குறைந்ததை யாவரும் அறிவர். ரப்பரோடு கந்தகம் சேர்த்துக் காய்ச்சினால் அது வெயிலுக்கு இளகாமலும் குளிருக்கு விறைக்காமலும் இருக்கும் என்பதை 1839-ல் அமெரிக்க தேசத்துக் குட்இயர் என்பவர் கண்டார். அதற்குப் பல வருஷங்களுக்குப் பின்னர், துத்தநாக ஆக்ஸைடையும் சிறிது சேர்த்தால் கந்தகத்தின் வேலை விரைந்தும் செம்மையாகவும் முடிகிறது என்று தெரியவந்தது. இன்று 100 பங்கு ரப்பருக்கு 3 முதல் 5 பங்கு வரை இப்பொடி சேர்க்கப்படுகிறது. திருவொற்றியூரில் 1946-ல் பலூன் செய்யும் சிறு கொட்டகையாகத் தொடங்கி, 1952-ல் டயர் மேற்பட்டை ரப்பர் செய்ய முற்பட்ட எம்.ஆர்.எஃப். கம்பெனியார், நம் வட்டாரத்துக்கு அண்மையில் அரக்கோணத்தை அடுத்த இச்சிபுத்தூரிலும் பெரிய தொழிற்சாலை வைத்திருக்கின்றனர். அங்கு வார்க்கப்படும் டயர்களிலும் இந்தத் துத்தநாகப் பொடிக்கு இடமுண்டு. நெல் வயலில் துத்தநாகச் சத்துக் குறைந்தால் ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட் இடுமாறு சிபாரிசு செய்கிறோமே, அந்தத் துத்தநாகமே இங்கு வேறு உருவில் வேறு வேலை செய்கிறது.

குழாயில் சேரும் பொடி வேறு. அதற்கு டைட்டானியம் டை ஆக்ஸைடு என்று பெயர். இதன் மூலப்பொருள் நமக்கு அந்நியமானதன்று. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் அலை ஒதுக்கும் கருமணலில் இல்மனைட் என்னும் தாது உள்ளது. அது இரும்பும் டைட்டானியமும் சேர்ந்த ஆக்ஸைடு. பழைய திருவிதாங்கூர்ச் சீமையினின்று ஏற்றுமதியான கயிற்று நாரில் ஒட்டியிருந்த மணலை ஆராய்ந்து, இக்கரையின் தாது வளத்தை 1909-ல் வெளிப்படுத்தியவர் ஷோம்பர்க் என்னும் ஜெர்மானிய ரசாயன நிபுணர். கருமணலினின்று இரும்பை நீக்கி வெண்பொடியை எடுப்பதற்காக 1946-ல் திருவனந்தபுரத்தில் திருவாங்கூர் டைட்டானியம் கம்பெனி ஏற்பட்டது. பின்னர்க் கொல்லத்தை அடுத்த சவராவில் கேரள சர்க்காரைச் சேர்ந்த மற்றொரு தொழிற்சாலையும் ஏற்பட்டு, வேறொரு முறையில் இப்பொடியைத் தயாரிக்கின்றது. கரிய மணலில் இத்தனை வெண்மை அடங்கியிருப்பது வியப்புத்தான். இதற்கு நிகராக மறைக்கும் சக்தியுள்ள வெண்பொடி வேறொன்றும் வழக்கில் இல்லை.

பி.வி.சி. என்பது இழை போன்ற நீண்ட அணுக்கோவைகள் பின்னிக் கிடக்கும் பொருள். நம் ராஜ்யத்தில் மேட்டூரில் 1967 முதல் இது உற்பத்தியாகி வருகிறது. சூரிய ஒளியில் கண்ணுக்குப் புலப்படாத புற ஊதாக் கிரணங்கள் உள்ளன. அவை பி.வி.சி.யின் மேல் படும்போது, அக்கோவைகளிலுள்ள குளோரின் ஹைட்ரஜனோடு சேர்ந்து அமில ஆவியாகப் பிரிந்துபோகிறது. கோவைகள் இடையிடையே அறுபடுகின்றன. மஞ்சளித்தல், பழுப்பேறுதல், பின்னர் மேற்பரப்பில் மயிரிழை போன்ற வெடிப்புகள் என்று கேடு வளர்கிறது. இதில் விவசாயிகள் கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. வெயில் பட்ட குழாய் நீரின் அழுத்தத்தைத் தாங்கும் சக்தியை உடனே இழப்பதில்லை. அடியைத் தாங்கும் சக்தியையே முதலில் இழக்கிறது. ஆகையால்தான் மோட்டார் ஓடும்போது ஒன்றும் நேராத குழாய், மண்வெட்டி தட்டினாலோ கன்று ஓடி மிதித்தாலோ நொறுங்குகிறது. 'நேற்றுவரை நன்றாக இருந்ததே' என்று சொல்வதன் ரகசியம் இதுதான்.

டைட்டானியப் பொடி இக்கிரணங்களை விழுங்கி, மீதி ஒளியைச் சிதறடித்துத் திருப்பி அனுப்பிவிடுகிறது. குழாயின் சுவரில் இப்பொடி நெருங்கிப் பரவியிருந்தால் கிரணம் மேல்தோலைத் தாண்டி உள்ளே இறங்குவதில்லை. கேடு ஒரு மெல்லிய படலத்தோடு நின்றுவிடுகிறது. பந்தலின் கீற்று வெயிலைத் தடுப்பது போன்றதே இது. 100 பங்கு பி.வி.சி.க்கு இப்பொடி ஏறத்தாழ ஒன்றிரண்டு பங்கு இருந்தால் இவ்வேலை நடைபெறும்.

ஆனால் அந்த ஒன்றிரண்டு பங்கும் எங்கும் ஒரே சீராகப் பரவியிருத்தல் வேண்டும். கேழ்வரகு மாவைக் கொதிநீரில் மொத்தமாகக் கொட்டிவிட்டுக் கிளறாதிருந்தால் கூழில் கட்டி விழுகிறதல்லவா? கட்டியின் வெளிப்புறம் வெந்து, உள்ளே மாவு உலர்ந்தே இருக்கும். டைட்டானியப் பொடியின் துகள் ஒவ்வொன்றும் சுமார் 0.25 மைக்ரான் குறுக்களவு உடையது. மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். அதிலும் கால் பங்கு! ஒரு கிராம் பொடியில் ஏறத்தாழ 30 லட்சம் கோடி துகள்கள் அடங்கும். அத்தனையும் பிரிந்து பரவினால் அவற்றின் மேற்பரப்பு மொத்தம் 5 சதுர மீட்டருக்கு மேற்படும். அதாவது ஒரு சிட்டிகைப் பொடி ஒரு சிறு அறையின் தரையளவு நிழல் தரும் ஆற்றலுடையது. அதே பொடி 10 மைக்ரான் அளவுள்ள கட்டிகளாகத் திரண்டு நின்றால் அம்மேற்பரப்பு நாற்பதில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். பொடிக்குக் கொடுத்த விலை வீணாவது ஒருபுறமிருக்க, கட்டி உள்ள இடத்தில் கட்டியும் பி.வி.சி.யும் ஒன்றையொன்று பற்றாமல், வெடிப்புக்கு அதுவே வித்தாகவும் ஆகிறது. ஒரு மூலையில் குவித்த எரு அந்த மூலையைக் கருக்கி மற்ற வயலைப் பட்டினி போடுவதையும் இதற்கு ஒப்பிடலாம்.

தொழிற்சாலையில் இதற்காகச் செய்யும் ஏற்பாடு இது. பி.வி.சி. மாவையும் மற்றப் பொடிகளையும் மெழுகையும் வேகமாகச் சுழலும் அலகுகள் பொருந்திய கலக்கும் யந்திரத்தில் இட்டு, உராய்வினால் உஷ்ணம் சுமார் 120 டிகிரி சென்டிகிரேடு வரை ஏறும்படி சுழற்றி, பின்பு ஆறவைக்கின்றனர். அக்கலவை இரட்டைத் திருகாணி கொண்ட யந்திரத்தில் உருகிப் பிசையப்பட்டு அச்சின் வழியே குழாயாக வெளிவருகிறது. துகள்களைப் பிரிப்பது இந்தப் பிசைவுதான். பொடி ஈரம் தாங்கியிருந்தாலும், அவசரத்தில் கலக்கும் நேரத்தைக் குறைத்தாலும், திருகாணி தேய்ந்திருந்தாலும் கட்டிகள் உடையாமலே குழாயில் சேர்ந்துவிடும். நல்ல சரக்கை வாங்கிப்போட்டுக் கலப்பதில் கெடுப்பது பலகாரம் சுடுவதில் மாத்திரம் நேர்வதன்று.

டைட்டானியப் பொடியிலும் இரு ஜாதிகள் உண்டு: அனடேஸ், ருடைல் என்பன அவற்றின் பெயர்கள். இரண்டும் ஒரே பொருளே. அணுக்கள் அடுக்கப்பட்ட முறையில் மாத்திரம் பேதம். அனடேஸ் என்பது வெயிலில் சும்மா இருப்பதில்லை. ஒளியை விழுங்கி அச்சக்தியால் தன்னைச் சூழ்ந்த பொருளையே அரிக்கத் தொடங்கும். பூஜிஷிமா, ஹோண்டா என்னும் ஜப்பானிய விஞ்ஞானிகள் 1972-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், டைட்டானிய ஆக்ஸைடின் மேல் ஒளியைப் பாய்ச்சி நீரையே பிராணவாயுவாகவும் ஹைட்ரஜனாகவும் பிரித்துக் காட்டியபின் இக்குணத்தை உலகம் கூர்ந்து கவனித்தது. தானே அழுக்கை அகற்றிக்கொள்ளும் கண்ணாடிகளை இன்று செய்வது இக்குணத்தைக் கொண்டுதான். கண்ணாடிக்கு நன்மையானது குழாய்க்குத் தீமை. காகிதத்துக்கும் வீட்டின் உட்சுவர் வர்ணத்துக்கும் அனடேஸ் போதும்; வெயிலில் கிடக்கும் பொருளுக்கு ருடைல் ஜாதியே, அதிலும் அலுமினாவும் சிலிகாவும் மேற்பூச்சாகப் பூசப்பட்ட துகளே தகுதி. பழைய குழாயைத் தடவினால் கையில் சுண்ணாம்பு போல் வெள்ளைத் தூள் ஒட்டுமாயின், மேற்படலம் அரிபட்டுப் பொடி வெளிவருகிறது என்று அறியலாம்.

இனி, விவசாயி ஏமாறும் இடத்துக்கு வருவோம். டைட்டானியப் பொடி பி.வி.சி. மாவைக் காட்டிலும் விலை மிகுந்தது. சுண்ணாம்புக்கல் பொடியோ மிகவும் மலிவு. இரண்டும் வெள்ளை. சுண்ணாம்புப் பொடியைச் சேர்ப்பதே குற்றம் என்று கூறமாட்டோம். மிக நுண்ணியதாக அரைத்து மெழுகமிலம் பூசிய சுண்ணாம்புப் பொடியைச் சிறிதளவு சேர்த்தால் குழாய் உறுதிப்படுவதும் உண்டு. ஆனால் அளவு மிஞ்சினால் குழாய் விறைத்து நொறுங்கும் தன்மையை அடைகிறது. புற ஊதாக் கிரணத்தைத் தடுக்கும் சக்தியும் சுண்ணாம்புக்கு இல்லை. இப்படிப்பட்ட குழாய் கையில் எடுத்தால் கனமாக இருக்கும். 'கனமுள்ள குழாய் நல்ல குழாய்' என்று நம்பி, எடைக்கு விலை கொடுத்து வாங்குவோர் கல்லுக்கு விலை கொடுக்கின்றனர். சுண்ணாம்புக்கல்லின் அடர்த்தி 2.7, பி.வி.சி.யின் அடர்த்தி 1.4. கனம் மிகுந்ததற்குக் காரணம் கலப்படமே. சுவரின் தடிப்பு கூடியதால் வந்த கனமா, கலப்படத்தால் வந்த கனமா என்பதையே பார்க்கவேண்டும்.

இதைக் கண்டறிய எளிய பரீக்ஷை ஒன்று உண்டு. ஐ.எஸ். 4985 என்னும் இந்தியத் தர நிர்ணயப்படி குழாயின் அடர்த்தி 1.40-க்கும் 1.46-க்கும் உட்பட்டிருத்தல் வேண்டும். மளிகைக் கடையில் உள்ள மின்னணுத் தராசே இதற்குப் போதும். குழாயில் ஒரு துண்டை அறுத்து எடையைக் கிராமில் குறித்துக்கொள்க. பின் ஒரு பாத்திரத்தில் நீர் நிரப்பித் தராசின் மேல் வைத்து, தராசைப் பூஜ்யத்துக்குக் கொணர்க. துண்டை மெல்லிய நூலில் கட்டி, பாத்திரத்தின் அடியிலோ பக்கத்திலோ படாதவாறு நீருக்குள் முழுதும் அமிழ்த்திக் கையால் தொங்கவிடுக. காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் தட்டி நீக்குக. தராசு அப்போது காட்டும் எண்ணே அத்துண்டு விலக்கிய நீரின் எடை. முதல் எடையை இவ்வெண்ணால் வகுத்தால் அடர்த்தி வரும். உதாரணமாக, 290 கிராம் துண்டு தராசில் 200 காட்டினால் அடர்த்தி 1.45, குற்றமில்லை. 180 மாத்திரம் காட்டினால் 1.61; அது சுண்ணாம்பு மிகுந்த சரக்கு. ஊராட்சிக்காகக் குழாய் வந்து இறங்கும்போது, ஊராட்சித் தலைவரும் செயலரும் சரக்குக்கு ஒரு துண்டு வீதம் இவ்வாறு பார்த்துக் குறிப்பு வைப்பதில் அரை மணி நேரத்துக்கு மேல் செல்லாது.

இன்னொன்றும் செய்யலாம். ஓர் அங்குல அகலமுள்ள வளையமாக அறுத்து, கொல்லன் பட்டறையில் உள்ள பிடிசட்டத்தில் வைத்து மெதுவாக நசுக்கினால், நல்ல குழாய் வளைந்து மடியும் இடத்தில் வெளுக்கும். சுண்ணாம்பு மிகுந்தது படீரென்று பிளக்கும். டைட்டானியப் பொடி எவ்வளவு உள்ளது, எந்த ஜாதி, எவ்வாறு பரவியுள்ளது என்பவை இவ்விரு பரீக்ஷைகளாலும் விளங்கா. அதற்கு ஆய்வுசாலை வேண்டும். சென்னை கிண்டியில் 1968 முதல் உள்ள சிப்பெட் என்னும் மத்திய பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிலையத்தில் குழாய்களைச் சோதிக்கும் வசதி உண்டு. தனி விவசாயிக்கு இச்செலவு மிகை. ஊர் முழுதுக்கும் குழாய் வாங்கும் இடத்தில் மிகையன்று.

வாங்கும்போது குழாயின் மேல் அச்சிட்டிருப்பதைப் படிக்கவேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரையும், அதன்கீழ் உரிம எண்ணும், ஐ.எஸ். 4985 என்ற எண்ணும், வெளிக்குறுக்களவும், அழுத்த வகுப்பும் காணப்படும். உரிம எண் உண்மையானதா என்பதை 'பி.ஐ.எஸ். கேர்' என்னும் கைபேசிச் செயலியில் இட்டுப் பார்க்கலாம். இரண்டாம் வகுப்பு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 4 கிலோ அழுத்தமும், மூன்றாம் வகுப்பு 6 கிலோவும், நான்காம் வகுப்பு 8 கிலோவும் தாங்கத்தக்கன. 6 கிலோ என்பது ஏறத்தாழ 60 மீட்டர் உயர நீர்த்தம்பத்தின் பாரம். இவ்வளவுகள் 27 டிகிரி உஷ்ணத்துக்குச் சொன்னவை. சித்திரை வெயிலில் வரப்பின்மேல் கிடக்கும் குழாய் தொடமுடியாதபடி சுடும். அந்நிலையில் அதன் பலம் குறைந்தே இருக்கும். ஆகவே மேட்டுக்கு நீர் ஏற்றுகிறவர்கள் கணக்குக்குச் சரியாக வாங்காமல் ஒரு வகுப்பு உயர்த்தி வாங்குவதே எமது சிபாரிசு.

பி.வி.சி. உருகும்போது சிதையாமலிருக்க வெகுகாலம் ஈய உப்புகள் சேர்க்கப்பட்டு வந்தன. ஈயம் குடிநீரில் கசிந்து குழந்தைகளின் மூளையையும் இரத்தத்தையும் கெடுக்கும். இதை நிறுத்துவதற்காக மத்திய சர்க்கார் 2021-ல் விதிகளை வெளியிட்டனர். கால்சியம், துத்தநாகம் ஆகியவற்றின் உப்புகளும் வெள்ளீயச் சேர்க்கைகளும் ஈயத்துக்குப் பதிலாக வழங்குகின்றன. பழைய சரக்கைக் குறைந்த விலைக்குத் தருவதாகச் சொல்வோரிடம் குடிநீருக்கான குழாய் வாங்குதல் கூடாது.

சொட்டுநீர்ப் பாசனத்தில் வரிசைதோறும் ஓடும் கருங்குழாய் பாலிதீனால் ஆனது. அதில் டைட்டானியத்துக்குப் பதிலாகக் கரித்தூள் நூற்றுக்கு இரண்டு, இரண்டரை பங்கு சேர்கிறது. கரி உலோக ஆக்ஸைடு அன்றாயினும் சட்டம் ஒன்றே: சீராகப் பரவினால் காக்கும், திரண்டால் கெடுக்கும். சிறு, குறு விவசாயிகளுக்கு நூற்றுக்கு நூறும், ஏனையோருக்கு நூற்றுக்கு எழுபத்தைந்தும் மானியம் கிடைப்பதால் 'இலவசமாக வந்ததுதானே' என்று முத்திரையைப் பாராமல் விடுவோர் உளர். மானியமாயினும் அது அவர்களுடைய நிலத்தில் கிடக்கப்போகும் குழாய்; கம்பெனிக்காரர் இறக்கும்போதே பார்த்துக்கொள்வது உசிதம்.

எத்தனை நல்ல குழாயானாலும் வெயிலில் அடுக்கி வைக்கலாகாது. வாங்கியது முதல் பதிக்கும் வரையில் கொட்டகையிலோ மரநிழலிலோ வைத்து, பனை ஓலையோ பழைய கோணியோ போட்டு மூடவும். கறுப்புத் தார்ப்பாயால் இறுக மூடினால் உள்ளே புழுக்கம் ஏறிக் குழாய் வளையும். நிலத்தில் பதிப்பதாயின் டிராக்டர்க் கலப்பைக்கு எட்டாதபடி இரண்டு அடிக்குக் குறையாத ஆழம் வேண்டும். கீழே கல் இல்லாத மணல் பரப்பவேண்டும். கிணற்றடியில் பதிக்க முடியாமல் வெளியே நிற்கும் பாகத்துக்கு நீரில் கரையும் வெள்ளை வர்ணம் இரண்டு பூச்சுப் பூசிவிட்டால், குழாயினுள் இருக்கும் டைட்டானியத்துக்குத் துணையாக வெளியிலும் டைட்டானியம் காவல் நிற்கும். அவ்வர்ணத்தின் வெண்மையும் அதே பொடிதான். எண்ணெய் வர்ணம் வேண்டாம். அதன் கரைப்பான் பி.வி.சி.யை இளக்கக்கூடும். இணைப்புக்காகக் குழாயின் வாயை ஓலை கொளுத்தி வாட்டி விரிக்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. தீ பட்ட இடத்தில் பி.வி.சி. சிதையத் தொடங்கிவிடுவதால் முதல் வெடிப்பு அங்கேயே தோன்றும். தகுந்த இணைப்பும் பசையும் வாங்கிக்கொள்ளுதல் சிக்கனமே.

உடைந்த துண்டுகளை வெல்லம் காய்ச்சும் அடுப்பிலோ குப்பையிலோ போட்டு எரிக்கலாகாது. எரியும் பி.வி.சி.யினின்று வெளிவரும் புகையில் ஹைட்ரோகுளோரிக் அமில ஆவி உண்டு. கண்ணையும் நெஞ்சையும் அது அரிக்கும். துண்டுகளைச் சேர்த்து வைத்துப் பழைய பிளாஸ்டிக் எடுப்போரிடம் கொடுத்துவிடலாம். அவர்கள் எடைக்கு விலையும் கொடுக்கின்றனர்.